அணிக்குக் கிடைக்கும் பரிசு யார் வீட்டுக்கு?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே அச்சிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



கடன் திருப்பம், காப்பீடு, வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதனால் வேறு ஒரு விஷயம் பேசலாம் என்று தலைவி அக்காவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இது நம் பிள்ளைகளைப் பற்றியது.

போன மாதம் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா என்னை வாசலில் நிறுத்தினார். "ஏம்மா, பள்ளிக்கூடத்துல ரோபோ போட்டின்னு பிள்ளைங்களைச் சேர்க்கிறாங்க. எம் பொண்ணும் பேர் குடுத்திருக்கா. ஜெயிச்சா ஆளுக்கு ஒரு பரிசு இல்லையாம். அணிக்கு மொத்தமா ஒரே பரிசாம். ஆறு பேருக்கு ஒரு கப்பு. அதை யார் வீட்டுல வைக்கிறது? இதுக்கு எதுக்கு சனி ஞாயிறெல்லாம் போகணும்?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த அக்கா கேட்டது நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

நமக்குத் தெரியாத விஷயமா?

முதலில் நம் கதையைப் பார்ப்போம். நம் கூட்டமைப்பு மணிமேகலை விருதுக்கு விண்ணப்பம் போட்ட வருஷம் ஞாபகம் இருக்கிறதா? விண்ணப்பப் படிவத்தைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கூட்டம் ஒழுங்காக நடந்ததா, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா, சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, திருப்பம் எவ்வளவு, ஊருக்கு என்ன செய்தீர்கள் என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு குழுக்களில் மூன்று மாதத் தீர்மானம் எழுதாமலே இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு குழுவில் பாஸ்புக் கணக்கும் பேரேட்டுக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. சண்டை போட்டோம், சரி செய்தோம், அனுப்பினோம்.

விருது நமக்கு வரவில்லை. ஆனால் அடுத்த முறை வங்கி மேலாளர் தரம் பார்க்க வந்தபோது ஒரு புத்தகத்திலும் அவர் குறை சொல்லவில்லை. கடன் மனு திரும்பி வரவில்லை. அந்த விருதுக்காக நாம் பட்ட பாடு வீணாகிவிட்டதா? நீங்களே சொல்லுங்கள்.

இதே விஷயம்தான் பிள்ளைகளின் ரோபோ போட்டியிலும் நடக்கிறது.

ரோபோ போட்டி என்றால் என்ன?

ரோபோ என்றதும் நமக்கு எந்திரன் படத்துச் சிட்டிதான் ஞாபகம் வரும். பிள்ளைகள் செய்வது அந்த மாதிரி அல்ல. மோட்டார், சக்கரம், பேட்டரி, சின்ன கம்ப்யூட்டர் மூளை எல்லாம் வைத்துக் கட்டிய ஒரு வண்டி. ஒரு பொருளை எடுக்கும், தூக்கும், சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அவ்வளவுதான்.

இந்தப் போட்டிகளில் பெயர் பெற்ற ஒன்று அமெரிக்காவில் தொடங்கியது. டீன் கேமன் என்பவர் ஒரு கண்டுபிடிப்பாளர். மருத்துவக் கருவிகள் பல செய்தவர். அவர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே 1989-ல்தான் நம் தமிழ்நாட்டில், தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு இடங்களில், ஒரே வருஷத்தில், 'சேர்ந்து செய்தால் முடியும்' என்ற ஒரே எண்ணம் முளைத்திருக்கிறது பாருங்கள்.

அவர்களுடைய முதல் போட்டி 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. வந்தது 28 அணிகள். இன்றைக்குப் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் கலந்துகொள்கின்றன. பெரிய பிள்ளைகள் கட்டும் ரோபோ நம் நெல் மூட்டை மாதிரி ஐம்பது கிலோ அளவுக்குக் கனக்கும். சின்னப் பிள்ளைகளுக்காக 1998-ல் லெகோ என்ற பொம்மைக் கம்பெனியோடு சேர்ந்து தனிப் போட்டி ஒன்றையும் ஆரம்பித்தார்கள்.

பெரிய பிள்ளைகளின் ஆட்டம் இரண்டரை நிமிஷ அளவுதான். மூன்று அணிகள் ஒரு பக்கம், மூன்று அணிகள் மறுபக்கம். யார் யாரோடு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இந்த ஆட்டத்தில் நமக்குக் கூட்டாளியாக இருப்பவர் அடுத்த ஆட்டத்தில் எதிராளி. அதனால் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. ஒரு அணிக்கு பேட்டரி போய்விட்டால் இன்னொரு அணி கொடுக்கிறது. அவர்களோடு அடுத்து மோத வேண்டும் என்று தெரிந்தும் கொடுக்கிறார்கள்.

எம்.ஐ.டி. என்ற பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வுடி ஃபிளவர்ஸ் என்பவர்தான் இந்தப் பண்பைப் போட்டியின் அடிப்படையாக வைத்தவர். முழுமூச்சாகப் போட்டி போடு, ஆனால் எதிரே இருப்பவரை மதிக்கத் தவறாதே என்பதுதான் அதன் சாரம். அவர் 2019-ல் காலமானார். அவர் சொன்ன பண்பு இன்னும் அந்தப் போட்டியில் இருக்கிறது.

உயர்ந்த விருது ரோபோவுக்கு இல்லை

இப்போது அந்த அக்கா கேட்ட இடத்துக்கு வருவோம். ஆட்டத்தில் ஜெயித்த அணிக்குப் பரிசு உண்டு. ஆனால் பெரிய பிள்ளைகளின் போட்டியில் மிக உயர்ந்த விருது அது இல்லை.

அந்த உயர்ந்த விருதுக்குப் பல ஆண்டுகள் 'சேர்மன் விருது' என்று பெயர். 2023 போட்டிப் பருவத்திலிருந்து 'இம்பாக்ட் விருது' என்று மாற்றியிருக்கிறார்கள். வேகமான ரோபோ செய்த அணிக்கு என்று அதைத் தருவதில்லை. மற்ற அணிகளுக்கு முன்மாதிரியாக நடந்த அணிக்குத் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? புதிதாக அணி தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுத்தீர்களா? உங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள்? ஒரு நாள் செய்துவிட்டு போட்டோ எடுத்தீர்களா, வருஷக்கணக்காகச் செய்கிறீர்களா? இதையெல்லாம் பார்க்கிறார்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் லெகோ போட்டியிலும் இப்படித்தான். பல ஆண்டுகளாக இருந்துவந்த முறையில் நான்கு விஷயங்களுக்குச் சமமாக மதிப்பெண். ரோபோ ஆட்டம் ஒன்று. ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள் என்பது ஒன்று. ஊரில் உள்ள ஒரு பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்துச் சொல்வது ஒன்று. அணியாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது ஒன்று. ஆட்டத்துக்கு நான்கில் ஒரு பங்குதான். மற்ற மூன்று பங்கு, பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள், எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதற்கு.

நம் குழுக்களைத் தரம் பார்ப்பதும் இப்படித்தானே? வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று மட்டுமா பார்க்கிறார்கள்? கூட்டம் நடக்கிறதா, எல்லோரும் பேசுகிறார்களா, கணக்கு எல்லோருக்கும் தெரியுமா என்று பார்க்கிறார்கள் இல்லையா?

நாப்கின் காப்பாற்றிய கதை

இப்போது ஒரு உண்மைக் கதை. கேட்டால் சிரிப்பீர்கள்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம். வெயில் கொளுத்தும் பாலைவன ஊர். அங்கே கார்ல் ஹேடன் என்ற அரசுப் பள்ளி. படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அங்கே நான்கு மாணவர்கள். மெக்சிகோ நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். முறையான குடியேற்றக் காகிதம் கிடையாது. எந்த நேரமும் பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள். ஆங்கிலம் அவர்கள் வீட்டு மொழி இல்லை.

2004-ல் கலிபோர்னியாவில், சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் தண்ணீருக்குள் வேலை செய்யும் ரோபோக்களுக்கு ஒரு போட்டி நடந்தது. இந்த நான்கு பேரும் இரண்டு ஆசிரியர்களும் போனார்கள். பெரிய பிரிவிலேயே பெயர் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக அணியும் இருந்தது. இவர்களுடைய ரோபோ நாம் வீட்டுக்குக் குழாய் போடும் பி.வி.சி. பைப்பில் கட்டியது. செலவு சுமார் 800 டாலர். எம்.ஐ.டி. அணியின் செலவு அதைப்போலப் பல மடங்கு.

அங்கே போய் ஒத்திகை பார்த்தால் ரோபோவுக்குள் தண்ணீர் கசிகிறது. ஒயர் நனைந்தால் எல்லாம் போச்சு. திரும்பக் கட்ட நேரம் இல்லை. தண்ணீரை உறிஞ்ச என்ன வைக்கலாம் என்று யோசித்தார்கள். என்ன வைத்தார்கள் தெரியுமா? நாம் நாப்கின் வைக்கிறோம் இல்லையா, அதே வேலைக்கு அந்த ஊர்ப் பெண்கள் டாம்பான் என்று உறிஞ்சும் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். அதைத்தான்! ஒரு பையன் கடைக்குப் போய், வெட்கத்தை விட்டு, அங்கே இருந்த ஒரு பெண்மணியிடம் 'எது நல்லா உறிஞ்சும்' என்று கேட்டு வாங்கிவந்தான். ரோபோவுக்குள் வைத்தார்கள். கசிந்த தண்ணீரை அது குடித்துக்கொண்டது. ரோபோ வேலை செய்தது.

நாப்கின் யூனிட் நடத்தும் நம் குழு அக்காக்கள் இனிமேல் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், நம்ம சரக்கு ரோபோவையும் காப்பாற்றும் என்று.

இப்போது முக்கியமான விஷயம். தண்ணீருக்குள் அதிக வேலை முடித்தது எம்.ஐ.டி. அணிதான். ஆட்டத்தை மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் இடம் இல்லை. ஆனால் அங்கே அறிக்கை எழுதியதற்கும் மதிப்பெண் உண்டு. நடுவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான்கு பேரும் விளக்கிச் சொன்னதற்கும் மதிப்பெண் உண்டு. வடிவமைப்புக்கு ஒரு பரிசு வந்தது. தொழில்நுட்ப அறிக்கைக்கு ஒரு பரிசு வந்தது. இங்கிலீஷ் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் அறிக்கைக்குப் பரிசு! கடைசியில் மொத்தத்துக்கும் முதல் பரிசு அவர்களுக்கே வந்தது. பிற்பாடு இவர்களைப் பற்றிப் புத்தகம் வந்தது. 2015-ல் சினிமாவும் வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோப்பை வந்ததும் அவர்கள் வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. குடியேற்றக் காகிதம் இல்லாததால் கல்லூரிக் கட்டணமும் வேலையும் பெரிய போராட்டமாகவே இருந்தன. ஒருவர் பொறியியல் பட்டம் வாங்கினார். இரண்டு பேர் சேர்ந்து சமையல் ஒப்பந்தத் தொழில் செய்தார்கள். பரிசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உங்களிடம் சொன்னால் அது பொய். பரிசுக்காக உழைத்தபோது கற்றுக்கொண்டது கையில் நின்றது. அதுதான் உண்மை.

ஹெராத் ஊர்ப் பெண் பிள்ளைகள்

இன்னொரு கதை பெண் பிள்ளைகளுடையது. 2017 ஜூலையில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உலக நாடுகளின் மாணவர்களுக்கு ஒரு ரோபோ போட்டி நடந்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அணிகள் வந்தன. ஆப்கானிஸ்தானில் ஹெராத் என்ற ஊரிலிருந்து ஆறு பெண் பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள்.

அவர்களுக்கு அனுப்பிய ரோபோ சாமான்கள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தன. விசா கேட்டு ஹெராத்திலிருந்து காபூல் போனார்கள். மறுத்துவிட்டார்கள். திரும்பவும் போனார்கள். திரும்பவும் மறுத்துவிட்டார்கள். செய்தி உலகமெங்கும் பரவிய பிறகு கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது.

தரவரிசையில் அவர்கள் நூறாவது இடத்துக்கும் பின்னால்தான் வந்தார்கள். ஆனால் துணிவோடு சாதித்ததற்காக ஒரு வெள்ளிப் பதக்கம் அந்த அணிக்குக் கிடைத்தது. ஆறு பேருக்கும் சேர்த்துக் கிடைத்த மரியாதை அது.

அதோடு முடியவில்லை. ஊருக்குத் திரும்பியும் அந்த அணி கலையவில்லை. புதிய பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது, ஆஸ்பத்திரிகளில் சுவாசக் கருவி பற்றாக்குறை என்று தெரிந்து, பழைய டொயோட்டா காரின் உதிரிப் பாகங்களை எல்லாம் பயன்படுத்திக் குறைந்த விலையில் ஒரு சுவாசக் கருவி மாதிரி செய்து காட்டினார்கள். 2021-ல் ஆட்சி தாலிபான் கைக்குப் போன பிறகு அந்த அணியின் பெண்கள் பலர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே மூடிவிட்டது.

பதக்கத்தைப் பெட்டியில் பூட்டலாம், ஊரை விட்டு ஓடும்போது விட்டுவிட்டும் போகலாம். கற்றது அப்படி இல்லை.

அணிப் பரிசுக்கு உழைத்தால் என்ன கிடைக்கும்?

ஒன்று, எல்லோருக்கும் இடம் கிடைக்கும். ஒரு நல்ல ஓட்டக்காரப் பிள்ளை தனியாக ஜெயித்துவிடும். அணிப் பரிசுக்கு அப்படி முடியாது. நடுவர் எந்தப் பிள்ளையையும் கேட்பார். அமைதியான பிள்ளையும் வாய் திறந்தாக வேண்டும். நம் முதல் குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லவே கூச்சப்பட்டவர்கள் இன்றைக்குக் கலெக்டர் முன்னால் மைக் பிடிக்கிறீர்கள். அது போலத்தான்.

இரண்டு, எழுதி வைக்கும் பழக்கம் வரும். என்ன செய்தோம், எங்கே தவறியது, ஏன் மாற்றினோம் என்று தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தீர்மானப் புத்தகம் எழுதும் நமக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று, கற்றதை அடுத்தவருக்குக் கொடுக்கும் குணம் வரும். 'எனக்குத் தெரிஞ்சதை அவளுக்கு ஏன் சொல்லணும்' என்ற நினைப்போடு இருந்தால் அந்த விருது கிடைக்காது.

நான்கு, தோற்பதற்குப் பழகுவார்கள். இரண்டரை நிமிஷத்தில் ஒரு ஒயர் கழன்றால் ஆட்டம் போய்விடும். 'யாரால போச்சு' என்று கேட்காமல் 'என்ன போச்சு' என்று கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள். குழுவில் ஒருவர் தவணை கட்டத் தவறும்போது நமக்கும் இந்தக் குணம் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் இந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறது. அறிவியல், பொறியியல் மேல் வரும் ஆர்வத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் பலன் தெரிகிறது என்று சொல்கிறார்கள்.

நான் செய்த தவறு

போன மாதம் எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று இப்போது சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் உறுப்பினர் ஒருவருடைய மகள் பள்ளி ரோபோ அணியில் இருந்தாள். பத்தாம் வகுப்பு. குப்பையைப் பிரித்துப் போடும் ஒரு சின்ன வண்டி செய்தார்கள். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுடைய அம்மா என்னிடம் வந்தார். "மேடம், அனுப்பலாமா வேண்டாமா? எப்படியும் முதல் பரிசு வராதுன்னு சொல்றாங்க" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு மூன்று கிராமத்துக்குப் போக வேண்டிய அவசரம். வண்டியில் உட்கார்ந்தபடியே, "பத்தாவது வருஷம், விடுங்கம்மா, படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சமூகப்பணி படித்தவள் நான். ஒரு நிமிஷம் இறங்கி நின்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அணி அவள் இல்லாமல் போனது. நடுவர் கேட்டாராம், "சக்கரத்தை ஏன் மூன்று முறை மாற்றினீர்கள்?" என்று. நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதெல்லாம் எழுதி வைத்தவள் அவள்தான். நோட்டு அவள் வீட்டில் இருந்தது. மண் தரையில் வண்டி வழுக்கியதை முதலில் கவனித்தவளும் அவள்தான். அணிக்குப் பரிசு எதுவும் வரவில்லை.

நான் அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நாங்க செஞ்ச வண்டி அங்க நேராப் போச்சாக்கா? யாராவது சொன்னாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. நான் யாரிடமும் விசாரிக்கவே இல்லை. பரிசு வந்ததா என்று மட்டும் கேட்டிருந்தேன். அவளுக்குப் பரிசு பெரிசில்லை. வண்டி நேராகப் போனதா என்பதுதான் பெரிசு. அவள் பத்தாவதில் நல்ல மார்க்தான் வாங்கினாள். அந்தச் சனி ஞாயிறு அவள் படிப்பைக் கெடுத்திருக்காது. அதை நான்தான் கெடுத்தேன்.

கவனிக்க வேண்டியவை

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

செலவு: நான் சொன்ன பெரிய அமெரிக்கப் போட்டிக்குப் பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். அது நமக்கு வேண்டாம். இந்தியாவில் 2016-ல் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இந்த ஆய்வகம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அல்லது பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இதற்காக யாரும் உள்கடன் வாங்க வேண்டாம். 'இத்தனை ஆயிரம் கட்டினால் நிச்சயம் கப்பு' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெரியவர் கை: பரிசு ஆசையில் பெரியவர்களே ரோபோவைக் கட்டிக் கொடுத்துவிடுவது உண்டு. பிள்ளைக்குப் பதில் நாம் பரீட்சை எழுதுவது போல அது. நடுவர் இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். பிள்ளைகள் செய்தது கோணலாக இருந்தாலும் அது அவர்கள் செய்ததாக இருக்கட்டும்.

பெண் பிள்ளை கையில் என்ன இருக்கிறது: இதுதான் முக்கியம். பையன்கள் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் சார்ட் ஒட்டுவார்கள் என்று பல இடங்களில் ஆகிவிடுகிறது. எழுதுவது மட்டமான வேலை இல்லை, இப்போதுதானே சொன்னேன். ஆனால் முறை வைத்து மாற்றிச் செய்யட்டும். எழுதுகிறவள் மோட்டாரும் மாட்டட்டும். மோட்டார் மாட்டுகிறவன் நோட்டும் எழுதட்டும். நம் குழுவில் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறோமே, அதே காரணம்தான்.

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் 'ஜெயிச்சியா' என்று முதலில் கேட்காதீர்கள். 'உன் வேலை என்ன? என்ன தப்பாச்சு? எப்படிச் சரி பண்ணீங்க?' என்று கேளுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாலே போதும். பிள்ளை உட்கார்ந்து சொல்லும்.

யார் வீட்டில் வைப்பது?

கடைசியாக, அக்கா கேட்ட கேள்விக்குப் பதில். ஆறு பேருக்கு ஒரு கப்பு வந்தால் யார் வீட்டில் வைப்பது? யார் வீட்டிலும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேரும் ஒரு பிள்ளை அதைப் பார்த்து, 'இது யார் வாங்கினது, நானும் சேரலாமா' என்று கேட்கட்டும். கப்பு வராவிட்டால் அந்த நோட்டு இருக்கட்டும். அதைப் பார்த்தும் ஒரு பிள்ளை கேட்கும்.

அக்கா, உங்கள் பெண்ணை அனுப்புங்கள். இந்த முறை போட்டி அன்றைக்கு நானும் வருகிறேன். வண்டி நேராகப் போனதா என்று நானே பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து.

 பஸ் வந்துவிடும், கிளம்பலாம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் ஊர்ப் பள்ளியில் அறிவியல் அல்லது ரோபோ அணி இருக்கிறதா? அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

2. பரிசு வராவிட்டாலும் நம் குழு சேர்ந்து செய்து பலன் கண்ட ஒரு வேலையைச் சொல்லுங்கள்.

3. சனி, ஞாயிறு பயிற்சிக்குப் போகும் பெண் பிள்ளைகள் பத்திரமாகப் போய்வர, தாய்மார்கள் முறை வைத்துக்கொள்ள முடியுமா? முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.